வங்கி மூழ்கியது, இயக்குநர் கரையேறினார்

அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கி 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் 4,200 கோடி டாலரை வெளியே எடுத்திருந்தார்கள். அந்தச் செய்தி நம் வீட்டுத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம்மில் பலர் கவனிக்கவில்லை. 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசின் டெபாசிட் காப்பீட்டுக் கழகம், வங்கியின் முன்னாள் அதிகாரிகள் 6 பேர், முன்னாள் இயக்குநர்கள் 11 பேர், ஆக 17 பேர் மீது வழக்குத் தொடுத்தது. யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லும் வழக்கல்ல அது. "உங்களுடைய கடும் அலட்சியத்தால் வந்த நஷ்டத்தை நீங்களே ஈடு செய்யுங்கள்" என்று கேட்கும் சிவில் வழக்கு.

குற்றச்சாட்டுகள் படிக்க வேண்டியவை. வட்டி விகிதம் ஏறும்போது விலை இறங்கக்கூடிய நீண்டகாலக் கடன் பத்திரங்களில் பணத்தைக் குவித்தார்கள். ஆபத்தைத் தடுக்கச் செய்திருந்த ஏற்பாடுகளையும் இடையில் கழற்றிவிட்டார்கள். வங்கி தள்ளாடத் தொடங்கிய பிறகும், 2022 டிசம்பரில், அதன் கையிலிருந்து 29.4 கோடி டாலரைத் தாய் நிறுவனத்துக்கு ஈவுத்தொகையாக அனுப்ப விட்டார்கள். இவை உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். கேள்வி கேட்க ஓர் அரசு நிறுவனம் முன்வந்தது, தனிமனிதர்களைப் பெயர் சொல்லிக் கேட்டது என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய செய்தி.

நம் நாட்டில் ஒரு வங்கி மூழ்கினால் அப்படிக் கேட்பவர் யார்?

இது வங்கிக்காரர்களின் விஷயம், நமக்கென்ன என்று சகோதரர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். வட்டி குறித்த மார்க்கச் சட்டம் நமக்குத் தெரியும். ஆனால் சம்பளம், பென்ஷன், வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம், ஹஜ்ஜுக்குச் சேர்க்கும் தொகை, பள்ளிவாசல் கணக்கு எல்லாமே வங்கி வழியாகத்தான் வருகின்றன, போகின்றன. ஒரு ரூபாய் வட்டி தொடாமல் சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்திருப்பவரும் வங்கி முடங்கினால் அதே வரிசையில்தான் நிற்கிறார்.

தூரத்து உதாரணம் வேண்டாம், கரூரையே எடுத்துக்கொள்வோம். லட்சுமி விலாஸ் வங்கி 1926இல் அங்கே வணிகர்கள் சேர்ந்து தொடங்கியது. ஜவுளிக்காரரையும் நெல் வியாபாரியையும் நம்பி வளர்ந்த வங்கி. 2020 மார்ச் கணக்குப்படி அது கொடுத்திருந்த கடனில் கால் பங்குக்கு மேல் வாராக்கடன். அந்த ஆண்டு நஷ்டம் 836 கோடி ரூபாய். இதற்கு முன்பே, தன்னிடம் போடப்பட்ட ஒரு நிதி நிறுவனத்தின் 750 கோடி ரூபாய் வைப்புத்தொகையை வேறு கம்பெனிகளின் கடனுக்கு ஈடாகப் பிடித்துக்கொண்டது என்ற புகாரில் டெல்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்திருந்தது. 2020 செப்டம்பரில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு நிர்வாக இயக்குநர் உட்பட 7 இயக்குநர்களை நிராகரித்தார்கள். வங்கி வரலாற்றில் அடிக்கடி நடக்காத சம்பவம் அது.

நவம்பர் 17 அன்று தடை வந்தது. ஒரு கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. டெபாசிட்தாரர்களுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. இதற்கு ரிசர்வ் வங்கியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பங்குதாரர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். முழுப் பங்கு மூலதனமும் ஒரே உத்தரவில் அழிக்கப்பட்டது. பாட்டனார் வாங்கி வைத்த பங்கு, மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று பெட்டியில் வைத்திருந்த பங்கு எல்லாம் வெறும் காகிதமாகின. வங்கி வெளியிட்டிருந்த 318 கோடி ரூபாய் மதிப்புள்ள கடன் பத்திரங்களுக்கும் அதே கதிதான்.

பங்கு என்றால் லாபமும் நஷ்டமும் உண்டு, அதை ஏற்றுத்தானே வாங்கினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வியாபாரத்தில் நஷ்டம் வருவது குற்றமாகாது. நம் ஃபிக்ஹு நூல்கள் இதை எப்போதோ பிரித்து வைத்துவிட்டன. முளாரபா கூட்டில் பிறர் பணத்தை வைத்து வியாபாரம் செய்பவர் ஓர் அமானிதக்காரர். சந்தை விழுந்து முதல் கரைந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. எல்லை மீறினாலோ, காக்க வேண்டியதைக் காக்காமல் அலட்சியம் செய்தாலோ அந்த நொடியிலிருந்து அவர் கை அமானிதக் கை இல்லை, ஈடு அவர் பொறுப்பு. இன்றைய கம்பெனிச் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டில்தான் நிற்கிறது. யோசித்து, விசாரித்து, நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு தவறிப்போனால் இயக்குநரைத் தண்டிக்க முடியாது. பொய்க் கணக்கும் கண்டும் காணாமல் இருந்ததும் வேறு. ஆகவே பங்குதாரர் கேட்பது "நஷ்டம் ஏன் வந்தது" என்பதையல்ல. "இது எந்த வகை நஷ்டம் என்று யாராவது விசாரித்துச் சொன்னீர்களா" என்பதைத்தான்.

இங்கேதான் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 166ஆவது பிரிவு, இயக்குநர் தக்க கவனத்தோடும் திறமையோடும் விழிப்போடும் கடமையைச் செய்ய வேண்டும் என்கிறது. மீறினால் அபராதம் ஒரு லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை. ஆயிரக்கணக்கான கோடி புரளும் இடத்தில் 5 லட்சம்! அதே சட்டத்தின் 245ஆவது பிரிவு நல்ல பிரிவு. பங்குதாரர்களோ டெபாசிட்தாரர்களோ நூற்றுக்கணக்கில் ஒன்றுசேர்ந்து, ஒரே மனுவில் கம்பெனி மீதும் இயக்குநர்கள் மீதும் ஆடிட்டர் மீதும் இழப்பீடு கேட்கலாம். தனி ஆளாக வக்கீல் வைக்க முடியாதவனுக்கு வாசல் திறந்த பிரிவு. ஆனால் அதன் 9ஆவது உட்பிரிவு ஒரே வரியில் சொல்கிறது: இந்தப் பிரிவு வங்கி நிறுவனங்களுக்குப் பொருந்தாது. சோப்புக் கம்பெனி இயக்குநரை அப்படிக் கூட்டாக இழுக்கலாம், வங்கி இயக்குநரை இழுக்க முடியாது.

சரி, நம் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறதே என்றால், அதுவும் இருக்கிறது. 1990களில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடி மக்கள் தெருவில் நின்றபோது, 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டி.என்.பி.ஐ.டி. என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கடுமையான சட்டம். கம்பெனியின் சொத்து போதவில்லையென்றால் அதன் இயக்குநர், பங்காளி, மேலாளர் ஆகியோரின் சொந்தச் சொத்தையும் ஜப்தி செய்யலாம். 10 ஆண்டு வரை சிறை. தனி நீதிமன்றம். 2011இல் உச்ச நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. இதன் தொடக்க வரையறையிலேயே வங்கி நிறுவனம் விலக்கப்பட்டிருக்கிறது. தெருமுனையில் நகைச்சீட்டு நடத்தி ஏமாற்றியவரின் வீட்டைப் பூட்டிச் சீல் வைக்கும் சட்டத்துக்கு வங்கி இயக்குநரின் வாசல் வரை போக அதிகாரமில்லை.

விலக்கியதற்குக் காரணம் சொல்வார்கள். வங்கிகளை ரிசர்வ் வங்கி கவனித்துக்கொள்கிறது, அவற்றுக்கென்று 1949இன் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் தனியாக இருக்கிறது என்பார்கள். உண்மைதான். அந்தச் சட்டத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் ஆச்சரியம் காத்திருக்கிறது.

அதில் 45ஜி, 45ஹெச் என்று இரண்டு பிரிவுகள் உள்ளன. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வங்காளத்தில் சிறு வங்கிகள் கொத்துக்கொத்தாக விழுந்த அனுபவத்துக்குப் பிறகு, 1950களின் தொடக்கத்தில் செய்த திருத்தங்களில் சேர்க்கப்பட்டவை. ஒரு வங்கியைக் கலைக்கும்போது, அதன் இயக்குநரையும் ஆடிட்டரையும் உயர் நீதிமன்றம் பகிரங்கமாக, எல்லாருடைய முன்னிலையிலும் கூண்டில் நிறுத்தி விசாரிக்கலாம். பணம் கொடுத்து ஏமாந்த கடன்காரரும் கேள்வி கேட்கலாம். தகுதியற்றவர் என்று கண்டால் 5 ஆண்டு வரை எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருக்கத் தடை போடலாம். 45ஹெச் இதைவிடக் கூர்மையானது. இயக்குநர் மீது முகாந்திரம் இருப்பதாகக் காட்டிவிட்டால் போதும். தனக்குப் பொறுப்பில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அந்த இயக்குநரே. நிரூபிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டாக வேண்டும். மனைவி பெயரில், மைத்துனர் பெயரில் எழுதி வைத்த பினாமிச் சொத்தையும் ஜப்தி செய்ய அதே பிரிவு இடம் தருகிறது. 70 ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு சட்டம் எழுதியவர்களின் கையைப் பிடித்து முஸாஃபஹா செய்யத் தோன்றுகிறது.

அப்புறம் ஏன் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை? "கலைக்கும்போது" என்ற ஒரு சொல்தான் காரணம்.

1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. ரிசர்வ் வங்கியே உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதைக் கலைக்கச் சொன்னது. மலையோர விவசாயிகளின் சேமிப்பு முடங்கியது. நாடாளுமன்றம் வரை கொந்தளிப்பு. அடுத்த மாதமே சட்டத்தைத் திருத்தி, தடுமாறும் வங்கிக்குத் தற்காலிகத் தடை விதித்து வேறு வங்கியோடு இணைக்கும் அதிகாரத்தைப் பலப்படுத்தினார்கள். 1962 ஜனவரியில் டெபாசிட் காப்பீடும் வந்தது. அன்றிலிருந்து இந்தியாவில் வணிக வங்கி ஒன்று கலைக்கப்படுவது மிக அரிது. குளோபல் டிரஸ்ட் வங்கி 2004இல், யுனைடெட் வெஸ்டர்ன் வங்கி 2006இல், லட்சுமி விலாஸ் 2020இல் என்று எல்லாமே இணைப்புதான். டெபாசிட்தாரருக்கு இது ரஹ்மத். ஆனால் கலைப்பு இல்லையென்றால் கலைப்பு அதிகாரி இல்லை. கலைப்பு அதிகாரி இல்லையென்றால் 45ஜி இல்லை, 45ஹெச் இல்லை. வங்கியைக் காப்பாற்றும் வழியைத் திறந்தபோது, அதை மூழ்கடித்தவரைக் கேட்கும் வழி தானாகவே சாத்திக்கொண்டது. யாரும் திட்டமிட்டுச் செய்தது என்று நான் சொல்லவில்லை. 60 ஆண்டுகளாகத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இணைப்பு நடந்தால் பழைய வங்கியின் உரிமைகள் எல்லாம் புதிய வங்கிக்குப் போகும், வழக்குத் தொடுக்கும் உரிமையும் போகும். ஆனால் புதிதாக வந்தவருக்கு அதில் என்ன அக்கறை? அவருக்குக் கிளைகள் வேண்டும், வாடிக்கையாளர் வேண்டும். பழைய இயக்குநரை நீதிமன்றத்தில் பத்து வருடம் துரத்துவதால் அவருக்கு ஆதாயம் கிடையாது. அமெரிக்காவில் காப்பீட்டுக் கழகமே மூழ்கிய வங்கியின் பொறுப்பாளராக உட்கார்ந்து, அதன் இடத்திலிருந்து இயக்குநர்கள் மீது வழக்குப் போடுகிறது. நம் டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் வேலை பணம் பட்டுவாடா செய்வது, பிறகு அதை வங்கியிடமிருந்தோ கலைப்பு அதிகாரியிடமிருந்தோ திரும்பப் பெறுவது. அதோடு சரி.

சென்னைக்காரர்களுக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வரலாம். 1906 அக்டோபரில் மதராஸின் பெரிய வெள்ளைக்கார வங்கி நிறுவனமான அர்புத்நாட் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. வெள்ளைக்கார விதவைகள் முதல் உள்ளூர் குமாஸ்தாக்கள் வரை ஆயிரக்கணக்கானோரின் பணம் போனது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்புத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். வெள்ளையர் ஆட்சியில், சர் பட்டம் பெற்ற வெள்ளையருக்கு! அந்த அதிர்ச்சியில்தான் வக்கீல் கிருஷ்ணசாமி ஐயர் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அர்புத்நாட் ஒரு பங்காளிக் கூட்டு நிறுவனம், வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனியல்ல. நிறுவனம் திவாலானால் பங்காளியின் சொந்தச் சொத்தும் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டும். "லிமிடெட்" என்ற சொல் பெயர்ப்பலகையில் ஏறியபோது அந்தப் பொறுப்பு இறங்கிவிட்டது.

இன்று கைது இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியை நினைத்துப் பாருங்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தடை போட்டபோது, ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கில் எடுக்கலாம் என்றது ஆயிரம் ரூபாய். கடன் தொகையில் ஏறத்தாழ 73 சதவீதம் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,000க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள். நிர்வாக இயக்குநர் கைது, தலைவர் கைது, கட்டுமான அதிபர்கள் கைது. தொலைக்காட்சியில் எல்லாம் பார்த்தோம். ஆனால் டெபாசிட்தாரரின் பணம் அந்தக் கைதுகளால் வரவில்லை. 2022 ஜனவரியில் வங்கி யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைக்கப்பட்டபோது, 5 லட்சம் வரை காப்பீட்டிலிருந்து கிடைத்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்களில் பெரிய தொகைக்காரர்கள் 10 ஆண்டு வரை காத்திருக்க வேண்டிய திட்டம். ஓய்வுபெற்ற எழுபது வயதுக்காரருக்கு 10 ஆண்டு என்பது என்ன கணக்கு?

கூட்டுறவு வங்கி விஷயத்தில் நம் மாநிலம் ஓரளவு பரவாயில்லை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆவது பிரிவில், சங்கத்துக்கு நஷ்டம் ஏற்படுத்திய நிர்வாகியிடமே அதை வசூலிக்கும் தண்டத்தீர்வை நடைமுறை உண்டு. ஊர்களில் இது நடந்தும் வருகிறது. சிறிய சங்கத்தின் செயலாளர் சில லட்சத்துக்குத் தண்டத்தீர்வை கட்டுகிறார்.

அமெரிக்காவை ரொம்பவும் தூக்கிப் பேசிவிட வேண்டாம். அங்கே 2008 செப்டம்பரில் வாஷிங்டன் மியூச்சுவல் விழுந்தது. 30,700 கோடி டாலர் சொத்து, அந்நாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய வங்கி வீழ்ச்சி. காப்பீட்டுக் கழகம் 2011இல் அதன் மூன்று உயர் அதிகாரிகளிடம் 90 கோடி டாலர் கேட்டது. 2005 தொடங்கி வீழ்ச்சி வரை அம்மூவரும் வாங்கிய ஊதியம் மட்டும் 9.5 கோடி டாலருக்கு மேல் என்றது கழகத்தின் மனு. அதே ஆண்டு முடிவில் சுமார் 6.4 கோடி டாலருக்கு வழக்கு சமாதானமானது. அதிலும் மிகப் பெரும் பகுதியைக் கொடுத்தது காப்பீட்டு நிறுவனங்கள். இயக்குநர்களுக்கென்றே ஒரு காப்பீடு விற்கப்படுகிறது. அதற்கான பிரீமியத்தை நிறுவனமே கட்டும். வங்கியின் பணத்தில் எடுத்த பாலிசி, வங்கியைக் கவிழ்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் சட்டைப்பையைக் காக்கிறது. சிலிகான் வேலி வழக்கும் இப்படி முடியாது என்று யார் உத்தரவாதம் தருவார்?

ஆனாலும் அங்கே ஒரு கணக்கு எழுதப்பட்டது. யார் எந்தக் கூட்டத்தில் எதற்குக் கையெழுத்திட்டார், எந்த எச்சரிக்கையைப் படித்தும் ஒதுக்கினார் என்பது நீதிமன்ற ஏட்டில் ஏறியது. கரூர் பங்குதாரருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

நம்மவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. வங்கி அல்லாத முதலீட்டு நிறுவனங்கள் நம் சமுதாயத்தைத் தேடி வருகின்றன, "ஹலால்" என்ற பலகையோடு. இயக்குநர் குழுவிலோ ஆலோசனைக் குழுவிலோ போட ஆலிம்களின் பெயரும் ஜமாஅத் நிர்வாகிகளின் பெயரும் கேட்கிறார்கள். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்: "ஹஜ்ரத், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பெயர் மட்டும் இருந்தால் போதும்." மறுத்துவிட்டேன். கணக்கு வழக்குப் பார்க்கத் தெரியாத என் பெயருக்கு அவர்கள் கூட்டத்தில் என்ன வேலை? பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது நகையை விற்றுப் பணம் போட்டிருந்த தாய்மார்கள் தெருவில் நின்றார்கள். நிறுவனர் நாட்டைவிட்டுப் போன சில நாட்களில் இயக்குநர்கள் 7 பேர் கைதானார்கள். "எனக்கு எதுவும் தெரியாது, பெயர்தான் கொடுத்தேன்" என்பது அந்த இடத்தில் உதவாது. கம்பெனிச் சட்டத்தின் 149(12)ஆவது பிரிவு, அன்றாட நிர்வாகத்தில் இல்லாத சுயேச்சை இயக்குநருக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அவருக்குத் தெரிந்து நடந்திருந்தாலோ, அவர் விழிப்பாக இல்லாமல் இருந்திருந்தாலோ அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும். நம் மாநிலத்தில் டி.என்.பி.ஐ.டி. சட்டத்தின் கை அவர் வீட்டுப் பத்திரம் வரை நீளும். வங்கி இயக்குநருக்கு இல்லாத ஆபத்து, பைத்துல்மால் பாணியில் முதலீட்டுக் கம்பெனி தொடங்கும் நம் ஊர்ப் பிரமுகருக்கு இருக்கிறது.

வங்கிகள் விஷயத்தில் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, புதுச் சட்டமும் வேண்டாம். 245ஆவது பிரிவின் 9ஆவது உட்பிரிவை நீக்கலாம். 45ஜி, 45ஹெச் பிரிவுகளில் "கலைக்கும்போது" என்று இருக்கும் இடத்தில் "கலைக்கும்போதோ இணைக்கும்போதோ" என்று சேர்க்கலாம். அந்த மனுவைத் தாக்கல் செய்யும் பொறுப்பை டெபாசிட் காப்பீட்டுக் கழகத்திடம் கொடுக்கலாம். டெபாசிட் காப்பீட்டை ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தியது 2020இல், 90 நாளில் பணம் தர வேண்டும் என்று திருத்தியது 2021இல். பஞ்சாப் மகாராஷ்டிரா வங்கியின் டெபாசிட்தாரர்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்று குரல் கொடுத்த காலத்தில் வந்தவை அவை. லட்சுமி விலாஸ் பங்குதாரர்கள் தனித்தனியாகவும் சங்கமாகவும் உயர் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். நம் தொகுதி எம்.பி.க்களில் எத்தனை பேர் இதை அவையில் கேட்டார்கள் என்று அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது விசாரித்துப் பாருங்கள்.